பந்தாட்டம் பயிற்றிய பள்ளியாசிரியர்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கடற்கரைகளிலே மாலைப்பொழுதில் சிறுவர்கள் வெறுங்காலுடன் மணலில் உதைபந்தாடுவதைக் காணாதார் இலர். "படிக்கிற பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்று பெற்றோர் கடிந்துகொள்வதும் புதிதன்று. அவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்த ஆசிரியர் ஒருவரின் வரலாறு இது.

செய்யது அப்துல் ரஹீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்திற் பிறந்தார். கலைப்பட்டம் பெற்றுப் பள்ளியாசிரியரானார்; பின்னர் உடற்கல்வியிலும் தகைமை பெற்றார். 1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகி, நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றும் பொறுப்பையும் ஏற்றார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

அவர் கையாண்ட முறை யாது? நல்லாசிரியர் வகுப்பறையிற் கையாளும் முறையே. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதை அவர் விரும்பார். பெற்றவுடன் தோழனுக்கு வழங்கப் பழக்கினார். ஒரு காலையே நம்பியவனை மறுகாலாலும் உதைக்கச் செய்தார். எவனிடத்து எக்குறை உண்டென அறிந்து, அதற்கேற்ற பாடத்தை வகுத்தார்.

1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், அவர் பயிற்றிய இந்திய அணி ஈரானை 1–0 என வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலோ, யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனப் படுதோல்வி! இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடியிருந்தனர். அதன் பின்னர் சப்பாத்து அணிவது கட்டாயமாயிற்று. தோல்வியையும் பாடமாகக் கொண்ட அணி, 1956இல் மெல்பேர்ணில் அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று, ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணியாகி, நான்காம் இடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தா ஆசிய விழா. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. பின்காவல் வீரர் ஜர்னைல் சிங்கின் தலையிற் காயம். ரஹீம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, முன்வரிசைக்கு மாற்றினார். இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிரணி. பெருங்கூட்டமோ இந்தியருக்கு எதிராக ஆரவாரித்தது. பீற்றர் தங்கராஜ் கம்பங்களைக் காக்க, பி.கே. பானர்ஜியும் அந்த ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடிக்க, இந்தியா 2–1 என வாகை சூடியது.

ஒன்பது மாதங்கள் சென்றன. 1963 ஜூன் 11ஆம் நாள் புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோயிற்று. அதற்குப்பின் இந்திய உதைபந்தாட்டம் ஆசிய விழாவில் தங்கம் கண்டதில்லை. வீரர் பிறக்காமலா போயினர்? குறை கண்டவிடத்துப் பிள்ளையைத் தள்ளிவிடாது, அவனுக்குரிய இடத்தைத் தேடிக் கொடுக்கும் ஆசான் அரியவர். நம் கடற்கரை மணலில் இன்று மாலையும் பந்து உருளும். பெற்றோரும் ஆசிரியரும் சற்றே நின்று, அப்பிள்ளைகளைக் கவனிப்பார்களாக.