வீட்டுக்கு ஓர் உளி



மாலையில் விளக்கேற்றிய பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்து எழுதுகிறது. மற்றொன்று தரையில் நோட்டை விரித்து முதுகு வளைய எழுதுகிறது. மேசை ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் பெற்றோர்களாகிய நமக்கு இல்லாமலில்லை. ஆனால் பழைய தவணைகள் முதலில் முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறோம். அதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறது.

அந்த மேசையை நாமே கையால் செய்துகொள்ள முடியும். தச்சுத் தொழில் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கருவிகளை எங்கே வாங்குவது, பலகையை எங்கே தேடுவது, தெரியாததை யாரிடம் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை நம் அருகிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் நமக்கு மிகவும் பழக்கமான மரத்தைப் பார்ப்போம். ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் கொடுக்கிறது. பிறகு அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். ஒரு காலத்தில் வெட்டிய மரம் அடுப்பெரிக்கவும் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடவும் மட்டுமே பயன்பட்டது. எஞ்சியதைத் தோட்டத்திலேயே கொளுத்தினார்கள். 1980-ஆம் ஆண்டுகளில் அந்த நிலை மாறிவிட்டது. இன்று மலேசியாவிலிருந்து வெளிநாடு செல்லும் மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனவை. ஜொகூரில் உள்ள மூவார் நகரம் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் பால் வெட்டிய மரந்தான் இன்று மேசையாகி, தவணைக் கடையில் நமக்கே விலைக்கு வருகிறது.

அப்படியானால் மறுநடவில் சாய்த்த மரத்தைக் கேட்டு வாங்கி வந்து அறுத்துக்கொள்ளலாமே என்று நேயர்கள் நினைக்கக்கூடும். அது வேண்டாம். தோட்டத்து மரம் நிர்வாகத்தின் சொத்து என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே நீலக்கறை படியும். சிறு வண்டுகள் துளைத்து உள்ளே முட்டையிடும். ஆலைகளில் மரத்தை உடனே அறுத்து, போரான் மருந்தை உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்துகிறார்கள். நாமும் ஒருமுறை பச்சை மரத்தில் மணை செய்து பார்த்தவர்கள்தாம். அடுத்த ஆண்டு அதன் அடியில் மாவு மாவாகத் தூள் கொட்டிக் கிடந்தது. எனவே ரப்பர் மரம் வேண்டுமானால், மருந்திட்டு உலர்த்திய பலகையையே கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். தொடங்குகிறவருக்கு எட்டுப் பொருள்கள் போதும். அளவுநாடா ஒன்று, மூலைமட்டம் ஒன்று, கைரம்பம் ஒன்று, முக்கால் அங்குல உளி ஒன்று, கால் அங்குல உளி ஒன்று, இழைப்புளி ஒன்று, சுத்தியல் ஒன்று, சாணைக்கல் ஒன்று. உளியைத் தட்டும் கொட்டாப்புளியைக் கெட்டியான கட்டையில் நாமே செய்துகொள்ளலாம். ஆறு உளிகள் அடங்கிய பெட்டி மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். நல்ல உளி இரண்டு இருந்தால் வேலை நடக்கும்.

இந்த எட்டில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், சாணைக்கல்லுக்கு என்போம். கடையில் வாங்கும் புது உளி பெரும்பாலும் வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. நாம் முதன்முதலில் வாங்கிய உளி மரத்தைச் செதுக்காமல் நார் நாராகப் பிய்த்துப் போட்டது. மரம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அந்த உளியை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கல்லை நனைத்துக் கால் மணி நேரம் தேய்த்தார். பிறகு அதே மரத்தில் வைத்துத் தள்ளினார். வெங்காயத் தோல் போலச் சுருள் வந்தது.

நேயர்களே, தீட்டுவது நமக்குப் புதிய கலையன்று. பால் வெட்டும் கத்தியைத் தினந்தோறும் தீட்டிய கைகள் நம்முடையவை. பட்டையை ஆழமாகச் சீவினால் மரம் காயப்படும், மேலாகச் சீவினால் பால் வராது என்று நூலிழை அளவில் கணக்கறிந்த கைகள் அவை. அந்தக் கைப்பழக்கத்தை உளிக்கு மாற்றினால் போதும். உளியின் தட்டையான பின்புறத்தை முதலில் கல்லில் படுக்க வைத்து, விளிம்போரம் கண்ணாடி போல் ஆகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவான பக்கத்தை ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் பிடித்துத் தேய்க்க வேண்டும். பின்புறத்தில் மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்பட்டால் அதையும் மெதுவாக எடுத்துவிடலாம். எண்ணெய் விட்டுத் தேய்த்த கல்லுக்கு எப்போதும் எண்ணெய். தண்ணீர் விட்டுத் தேய்த்த கல்லுக்கு எப்போதும் தண்ணீர். இரண்டையும் கலக்கக் கூடாது. நம் நாட்டு ஈரக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே வேலை முடிந்ததும் தையல் இயந்திர எண்ணெயைத் தொட்டுத் துடைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும்.

கருவிகளை எங்கே வாங்கலாம்? பட்டணத்தில் கட்டுமானப் பொருள் விற்கும் பழைய சீனர் கடைகளுக்கு முதலில் போங்கள். பேரங்காடியில் பொருள் பெட்டிக்குள் இருக்கும். இங்கே கையில் எடுத்துப் பார்க்கத் தருவார்கள். தவுக்கேயிடம் மலாயில் கேட்பதற்குச் சில சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உளிக்குப் பாஹாட்; ரம்பத்துக்குக் கெர்காஜி; அரத்துக்குக் கிக்கிர்; சாணைக்கல்லுக்குப் பத்து ஆசா. இழைப்புளிக்குக் கெத்தாம் என்று பெயர். நண்டுக்கும் அதே பெயர்தான். ஆணிக் கடையில் கேட்டால் நண்டு கொடுக்க மாட்டார்கள், அஞ்ச வேண்டாம்.

பழைய கருவிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். பினாங்கு லோரோங் கூலிட் சந்தை போன்ற பழம்பொருள் சந்தைகளில் நல்ல எஃகுக் கருவிகள் கிடைப்பதுண்டு. சிங்கப்பூரில் பெயர் பெற்றிருந்த சுங்கை ரோடு சந்தை 2017-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. பழைய கருவியை வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்யுங்கள். ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து முனைவரை நோக்குங்கள், வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். உளியின் பின்புறத்தில், விளிம்பருகே துரு குழி குழியாக அரித்திருந்தால் வேண்டாம். மேல் துருவாக இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். இழைப்புளியின் அடிப்பாகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. ரம்பத்தைப் பற்றி இன்னொரு செய்தி. இன்று விற்கும் பல ரம்பங்களின் பல் நுனி நீல நிறமாக இருக்கும். அது கடினமாக்கப்பட்ட பல். அரம் போட்டுத் தீட்ட முடியாது. பழைய ரம்பமானால் முக்கோண அரத்தால் தீட்டித் தீட்டி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பலகை. நம் நாட்டு மரங்கள் எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. காற்றில் உலர்ந்த செங்கால் மரம் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். படகுக்கும் வீட்டுத் தூணுக்கும் அது சிறந்தது. புதுக் கைக்கும் புது உளிக்கும் அது பகை. ஜெலுத்தோங் மரம் 500 கிலோவுக்கு மேல் போகாது. அதுவும் பால் வடிக்கும் மரந்தான். அதன் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்வதற்கு ஏற்றுமதியானது. வெண்ணெய் போல் செதுக்க வரும் அந்த மரம் பழகுவதற்கு நல்லது. ரப்பர் மரம் இவ்விரண்டுக்கும் இடையில், 560 முதல் 640 கிலோ வரை இருக்கிறது. வெளிர் நிற மெராந்தியும் தொடக்க வேலைக்கு ஏற்றதே. ரெங்காஸ் என்ற சிவந்த மரத்தை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும்.

கடைக்குச் சென்று, “பாப்பான் காயு கெத்தா, எனாம் காக்கி, அடா?” என்று கேளுங்கள். ஆறடி ரப்பர் மரப் பலகை இருக்கிறதா என்பது பொருள். சிறு துண்டுகளைப் பல்லோடு பல் கோத்து ஒட்டிய அகலப் பலகையைக் காட்டுவார்கள். அது மருந்திட்டு உலர்த்தியது. வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு மிகவும் ஏற்றது. மழையில் நனையும் இடத்துக்கு ஆகாது. மற்ற மரப் பலகைகள் பெரும்பாலும் ஈரத்தோடு இருக்கும். அவற்றை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவிட வேண்டும். ஒரு துண்டை வாரத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் பலகை காய்ந்துவிட்டது என்று பொருள்.

காசு கொடுக்காமலும் மரம் கிடைக்கும். தளவாடத் தொழிற்சாலைகள் வெட்டித் தள்ளும் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். சரக்கு ஏற்றும் பலகைத் தட்டுகளைக் கடைக்காரர்கள் தூக்கிப் போடுவார்கள். அவற்றில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் நச்சுப் புகையூட்டியது, தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் கையாலேயே செய்ய வேண்டும் என்று வீம்பு பிடிக்கவும் தேவையில்லை. பல பலகைக் கடைகளில் சிறு கூலிக்கு இயந்திரத்தில் அறுத்தும் இழைத்தும் கொடுப்பார்கள். முரட்டு வேலையை அங்கே முடித்துக்கொண்டு, நுட்ப வேலையை வீட்டில் செய்யலாம். கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமா? உங்கள் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் இருப்பார். ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லித் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார். 2001-ஆம் ஆண்டு முதல் தொடங்கப்பட்ட சமூகக் கல்லூரிகளிலும் பொதுமக்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. பாடங்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; அருகிலுள்ள கல்லூரியில் விசாரியுங்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

இனி அந்த மேசை. ஆறடி நீளம், 12 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்புள்ள ஒரே பலகை போதும். அதில் 24 அங்குலம் மேற்பலகை. 12 அங்குலம் வீதம் இரண்டு துண்டுகள் கால்கள். மிச்சத்தில் 4 அங்குல அகலமும் ஏறக்குறைய 20 அங்குல நீளமும் உள்ள ஒரு குறுக்குச் சட்டம். மேற்பலகையின் அடியில், இரு ஓரத்திலிருந்தும் ஒன்றரை அங்குலம் தள்ளி, காலின் தடிப்புக்குச் சரியாகக் கோடு போடுங்கள். ரம்பத்தால் கோட்டின் மேல் கால் அங்குல ஆழம் அறுத்து, நடுவில் உள்ளதை உளியால் எடுத்தால் பள்ளம் கிடைக்கும். காலைப் பசையோடு அதில் இறக்குங்கள். குறுக்குச் சட்டத்தைப் பின்பக்கம், மேற்பலகையை ஒட்டி வைத்து, சிறு துளையிட்டு ஆணி அடியுங்கள். ஆணி போகும் இடத்தில் துளையிடாவிட்டால் பலகை பிளக்கும். துளையிடும் கருவி இல்லையென்றால் அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுத ஏற்ற மேசை ஆயத்தம்.

ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். முதல் ஞாயிறு கருவி தீட்டுங்கள். இரண்டாம் ஞாயிறு கழிவுத் துண்டுகளில் அறுத்தும் பள்ளமெடுத்தும் பழகுங்கள். மூன்றாம் ஞாயிறு மேசைப் பலகையில் கை வையுங்கள். உளியைத் தள்ளும்போது மரத்தை இறுகக் கட்டி வைத்து, இரண்டு கைகளையும் கூர்முனைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் கருவிகளைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதல் மேசை சற்றுக் கோணலாகத்தான் இருக்கும். கால் ஆடினால் அடியில் ஒரு சிறு தகடு வைத்துக்கொள்ளலாம். பிள்ளை அதைப் பொருட்படுத்தாது. அப்பா அறுக்க, அம்மா பிடிக்க, தான் தேய்த்து மெருகிட்ட மேசை என்பது அதற்குத் தெரியும். தோட்டத்தில் வாழ்ந்தாலும், தோட்டம் மூடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்டாலும், கையில் உள்ள தொழிலை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது. ரப்பர் மரத்திலிருந்து பிறருக்குப் பால் எடுத்துக் கொடுத்த குடும்பங்கள் நாம். அதே மரத்தில் இனி நம் பிள்ளைக்கு ஒரு மேசை செய்வோம்.