வீட்டம்மாவும் அறிந்திருக்க வேண்டிய கார்டு



பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பாத ஊரை நம் வேலூர் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். எல்லையில் நின்றவருக்கு வயதான காலத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு நாடு உருப்படியான பதில் சொன்னது 2003 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அதுவரைக்கும் ராணுவ ஆஸ்பத்திரியே கதி. அங்கேயும் பணியில் இருக்கும் வீரர்களைப் பார்த்த பிறகுதான் முன்னாள் படைவீரர்களான நம் முறை. அன்று தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது இ.சி.எச்.எஸ். வந்த பிறகுதான் நமக்கென்று பாலிகிளினிக் வந்தது. அங்கே ரெஃபரல் வாங்கிக்கொண்டு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் படுக்கிற உரிமையும் வந்தது.

அந்த உரிமையின் மதிப்பு நம்மில் பலருக்கே தெரியவில்லை. ஓய்வு பெறும்போது பதவிக்குத் தக்கபடி ஒரே ஒரு தடவை சந்தா. 1996-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தச் சந்தாவும் கிடையாது. சிகிச்சைச் செலவுக்கு இத்தனை லட்சம்தான் என்ற வரம்பு இல்லை. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா, இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறதா என்று கேட்டு யாரையும் தள்ளிவைப்பதில்லை. ஆயுள் முழுக்க, ஒரே சந்தாவில், இப்படி ஒரு பாதுகாப்பை எந்தத் தனியார் கம்பெனியும் நமக்கு விற்கப்போவதில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது நிறைந்த எல்லோருக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு என்று ஒன்றைத் தொடங்கியது. வருமான வரம்பு இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். எந்தக் காப்பீடும் இல்லாத முதியவருக்கு அது பெரிய ஆதரவு, அதில் சந்தேகமே இல்லை. தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள்கூட அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இ.சி.எச்.எஸ்., மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். ஆகியவற்றின் உறுப்பினர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். “இலவசமாகத் தருகிறார்களே” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு வரம்பில்லாததை விட்டு 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அது தவறான முடிவு என்று இந்த மேடையிலேயே சொல்கிறேன்.

இ.சி.எச்.எஸ்.ஸில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பில் பாக்கி நிற்கிறது என்று ஆஸ்பத்திரிகள் நம்மவர்களைச் சேர்க்கத் தயங்குவதும், போன வருஷம் பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரி இந்த வருஷம் இல்லாமல் போவதும் நாம் பார்க்கிறதுதான். நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் ரெஃபரல் தேவையில்லை, நேரே போகலாம். பட்டியலில் இல்லாத இடத்துக்கும் ஆபத்தான நிலையில் போகலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் கையிலிருந்து கட்டிய பணமும் அரசு வைத்திருக்கும் கட்டண அளவுக்குத்தான் திரும்பி வரும். ஆகவே பட்டியல் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரருக்கு இன்னொரு பாலிசி அவசியமில்லை என்பது என் கருத்து. மலையடிவாரத்துக் கிராமத்தில் இருக்கிறவர் ஒரு சிறிய பாலிசியோ, அவசரத்துக்கென்று வங்கியில் தனியாக ஒரு தொகையோ வைத்துக்கொள்வது நல்லது.

இனி மாநில அரசு ஓய்வூதியர்கள். உங்கள் கணக்கு வேறு. மாதாமாதம் ஓய்வூதியத்தில் பிடித்தம் ஆகிறது, கணவன் மனைவி இருவருக்கும் காப்பீடு இருக்கிறது. 5 லட்சம் என்று கேட்டவுடன் ஆண்டுக்கு 5 லட்சம் என்று நம்பியிருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் அது நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 5 லட்சம்! சில பெரிய நோய்களுக்கு மட்டும்தான் அதற்கு மேல். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் போதெல்லாம் தொகையும் விதியும் மாறலாம். அரசாணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் துணைக் காப்பீடு. கடைக்குப் போனால் டாப்-அப் என்பார்கள், சூப்பர் டாப்-அப் என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. 5 லட்சத்துக்கு மேல் ஆகும் செலவைத் தருகிற பாலிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வருஷத்தில் முதல் தடவை 4 லட்சம், இரண்டாம் தடவை 3 லட்சம் பில் வருகிறது. டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டுமே 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஒரு ரூபாய் வராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டும். மொத்தம் 7 லட்சம், 2 லட்சம் கிடைக்கும். பிரீமியம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சூப்பர் டாப்-அப்தான் வாங்க வேண்டியது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அரசுத் திட்டத்தின் 5 லட்சம் முதல் வருஷமே தீர்ந்துவிட்டால், அடுத்த வருஷம் சூப்பர் டாப்-அப் மறுபடியும் “முதல் 5 லட்சத்தை நீ கட்டு” என்று நிற்கும். கட்டப் பணம் எங்கே? அதனால் நாம் ஏற்க வேண்டிய தொகையை 2 அல்லது 3 லட்சமாகக் குறைத்து எடுங்கள். பாலிசி விற்க வருகிறவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

படிவம் நிரப்பும்போது “சுகர், பி.பி. எல்லாம் எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்” என்று அவர் சொன்னால், எழுந்து போகச் சொல்லுங்கள். இருக்கிற நோயை எழுதினால் அந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். மறைத்தால், படுக்கையில் கிடக்கும் நாளில் பழைய மருந்துச் சீட்டு வெளியே வரும், கிளெய்ம் போய்விடும். வயதாகிவிட்டது, இனி யார் கொடுப்பார்கள் என்று ஒதுங்கியிருந்தவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. 65 வயதோடு புதுப் பாலிசியை நிறுத்திக்கொள்ளக் கம்பெனிகளுக்கு இடம் தந்த பழைய விதி 2024 ஏப்ரலிலிருந்து போய்விட்டது. 2025 ஜனவரியிலிருந்து மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதற்கு முன் கம்பெனிகள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசித்தாக வேண்டும். நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.

தாய்மார்களே, இப்போது உங்களிடம் பேசுகிறேன். கார்டு எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, பாலிகிளினிக் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாமல் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர் போன பிறகும் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற உங்களுக்கு இ.சி.எச்.எஸ். உரிமை தொடர்கிறது. கருணை என்று நினைக்காதீர்கள், உங்கள் பங்கு அது. ஆனால் ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் உங்கள் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி என்றால், இனிஷியல் முன்னுக்குப் பின் மாறியிருந்தால்கூட, அந்த உரிமைக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். துக்கத்தில் இருக்கும் பெண்ணை ஓர் எழுத்துக்காக அலைய விடுவதைப் போலக் கொடுமை வேறில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை இது!

ஐயா, எத்தனையோ இரவுகள் உங்கள் வீட்டம்மா தனியாக இருந்து பிள்ளைகளை வளர்த்தார். எந்தத் திட்டத்தை வைத்துக்கொள்வது, எந்தப் பாலிசி வாங்குவது என்பதை நீங்கள் மட்டும் டீக்கடையில் பேசி முடிவெடுக்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பி.பி.ஓ., ஆதார், மருத்துவக் கார்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப் பாருங்கள். பிசகு இருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ கருவூலத்துக்கோ வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.