தராசின் முகப்பும் விலைச்சீட்டும்

மும்பை மாதுங்காவிலும் தில்லி கரோல்பாக்கிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் உண்டு. அவர்களுடைய மேசைமீது இன்று மின்னணுத் தராசு வீற்றிருக்கிறது. எடை அதன் முகப்பில் எண்ணாக ஒளிர்கிறது. அதே எடை கம்பிவடத்தின் வழியே கணினிக்குச் சென்று விலைச்சீட்டிலும் பதிவாகிறது. ஒரு நாள் முகப்பு 1.600 கிலோ என்கிறது, சீட்டோ 1.800 கிலோ என்கிறது. வாங்க வந்தவர் புருவத்தை நெரிக்கிறார். பிற மாநிலத்தில் பிழைக்க வந்தவனுக்கு நாணயமே முதல். ஆதலின், இவ்விரண்டில் எது பொய் என்பதை ஆராய்வோம்.

முகப்பின் ஒவ்வோர் இலக்கமும் ஏழு கீற்றுகளால் ஆனது. எட்டுக்கு ஏழும் ஒளிர வேண்டும். வலப்பக்க மேற்கீற்று அணைந்தால் எட்டு ஆறாகிவிடும். இடப்பக்கக் கீழ்க்கீற்று அணைந்தால் ஒன்பதாகிவிடும். நடுக்கீற்று அணைந்தால் சுழியாகிவிடும். பல தராசுகள், மின்விசையைப் போட்டவுடன் எல்லாக் கீற்றுகளையும் ஒருமுறை ஏற்றிக் காட்டும். அப்போது உற்று நோக்கினால் குறை புலப்படும். முத்திரை பெற்ற எடைக்கற்களில் 1 கிலோ, 500, 200, 100 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம், மொத்தம் 1.800 கிலோ. அப்போதும் முகப்பு 1.600 எனவும் சீட்டு 1.800 எனவும் சொன்னால், நிறுக்கும் உறுப்பு பிழை செய்யவில்லை, காட்டும் கண்ணாடியே பிழை செய்தது என்று தெளியலாம்.

இனி, சீட்டில் எடையே வரவில்லை, அல்லது பொருளற்ற குறிகள் வருகின்றன என்று கொள்வோம். அங்கே ஐயத்துக்குரியது வடம். 1960-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஆர்.எஸ்.-232 என்னும் முறையில், துடிப்புகள் ஒற்றைக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. அனுப்புவோன் வேகமும் பெறுவோன் வேகமும் ஒன்றாதல் வேண்டும். தராசு விநாடிக்கு 9600 துடிப்பு அனுப்ப, கணினி 4800 என எண்ணிக் கேட்டால் வருவது குழப்பமே. ஆகவே குறிகள் சிதைந்து வந்தால் வேகத்தைப் பாருங்கள். ஒன்றுமே வராவிடில் இணைப்பைப் பாருங்கள்.

கணினியின் ஒன்பது முனைச் செருகியில் இரண்டாவது முனை கேட்பது, மூன்றாவது சொல்வது, ஐந்தாவது பொது. வடத்தைக் கழற்றிவிட்டு, இரண்டையும் மூன்றையும் சிறு கம்பியால் இணைத்து, செய்தி அனுப்பும் மென்பொருளில் ஓர் எழுத்தைத் தட்டுங்கள். அது திரும்பி வந்தால் கணினியின் வாயில் நலமே. குறை வடத்திலோ தராசிலோதான். யு.எஸ்.பி. மாற்றியை வேறு துளையில் செருகினால் கணினி அதற்குப் புது எண் கொடுத்துவிடுவதும் உண்டு; மென்பொருளோ பழைய எண்ணையே பார்த்துக் காத்திருக்கும்.

இவ்வளவும் நாமே செய்யத்தக்கவை. ஆயின், தராசின் முத்திரையை மட்டும் நாம் உடைத்தல் கூடாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவைச் சட்டப்படி, உரிமம் பெற்றவரே அதைப் பழுதுபார்த்தல் வேண்டும். பின்னர் மறுமுத்திரையும் பெறுதல் வேண்டும். அதுவரை, சீட்டு சரியாயினும், அத்தராசை மேசையிலிருந்து எடுத்துவிடுவோம். வாங்குபவர் காண்பது முகப்பையே அன்றோ?