வென்ற பின் வரும் போர்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளைஞர் பலர் மாலை வேளைகளிற் கணினியின் முன் அமர்ந்து, அரசுகளை ஆக்கியும் அழித்தும் விளையாடுகின்றனர். வரலாற்றைத் தழுவிய இவ்வியூக விளையாட்டுகளுக்கு ஒரு குறை உண்டு. நாட்டிற் பாதியைப் பிடித்தவர்க்கு எஞ்சிய பாதி எளிதாகிவிடும். பொன்னும் படையும் குவிந்தபின் ஆட்டத்திற் சுவை ஏது?

இக்குறை நீங்கவே இறுதிக் கட்டத்திற் கிளர்ச்சிகளைப் புகுத்துகின்றனர். 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'டோட்டல் வார்: ஷோகன் 2' என்னும் விளையாட்டில், ஆடுபவரின் புகழ் ஓர் எல்லையைக் கடந்ததும் ஷோகன் அவரைப் பகைவரென அறிவிக்கிறார், நண்பராயிருந்த குலங்களும் காலப்போக்கில் எதிராகின்றன. சவால் கடுமையானதே. எனினும், "யான் செய்த பிழை யாது?" என்று ஆடுபவர் கேட்டால் விடையில்லை. காரணமற்ற கிளர்ச்சி தண்டனையாகுமேயன்றிச் சோதனையாகாது.

பின் எவ்வாறு அமைப்பது? நமது நாட்டு வரலாறே வழிகாட்டுகிறது. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இலங்கை முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்டம் முடிந்ததென்றே எவரும் எண்ணுவர். ஆனால் 1817இல் ஊவா வெல்லஸ்ஸவிற் கிளர்ச்சி மூண்டது.

அது வானத்திலிருந்து விழுந்ததன்று. வெல்லஸ்ஸவில் முஸ்லிம் மக்களுக்கெனத் தனி முகாந்திரத்தை நியமித்து, பரம்பரைப் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்தது புதிய ஆட்சி. வென்றவரின் ஆணையே பகையை விதைத்தது.

அடுத்து, கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்தார். அரசாங்கத்தின் துப்பாக்கிகளைத் திருப்பியனுப்பிவிட்டே சேர்ந்தார்! எதிரியிலும் அஞ்சத்தக்கவர், மானமுள்ள நமது தளபதியே.

மூன்றாவது, உரிமை. அரச வம்சத்தவரெனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவரை முன்னிறுத்தியே மக்கள் திரண்டனர். புத்தரின் தந்ததாதுவும் அவர்கள் பக்கம் சென்றது. 1818இல் ஆங்கிலேயர் அதனை மீட்டபோது பலரின் மனவுறுதி குலைந்தது. படைபலத்தை மட்டும் எண்ணும் விளையாட்டு இதனை எங்ஙனம் காட்டும்?

முடிவையும் நோக்குவோம். தேசாதிபதி பிரவுன்ரிக் இந்தியாவிலிருந்து படை வரவழைத்தார். ஊர்களும் பயிர்களும் எரிக்கப்பட்டன. 1818 நவம்பர் 26ஆம் நாள் கெப்பெட்டிபொல சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆங்கிலேயர் வென்றனர், வென்றது பாழ்நிலத்தை. விளையாட்டிலும் தீயினால் அடக்குபவர்க்கு வரிதராத வெறுநிலமே எஞ்சவேண்டும். விட்டுக்கொடுப்பவர்க்கு அதிகாரம் குறையவேண்டும். இரண்டிற்கும் விலை உண்டெனின், ஆடுபவர் சிந்திப்பார்.

அவ்வாறு சிந்திக்கும் இளைஞர், கணினித் திரையிற் சிவப்புப் புள்ளியாகத் தோன்றும் கிளர்ச்சியின் பின்னே மனிதரையும் காண்பார். நாட்டைப் பிடிப்பதிலும் ஆள்வதே அரிது என்பதை, ஓர் ஆட்டத்தின் வாயிலாகவேனும் அவர் உணர்வாராயின், அவ்வாட்டம் வீண்பொழுதாகாது.