லயத்து நாய் யாருடையது?

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது, செக்ரோலில் பேர் பதியப்படாத சில உயிர்களும் அங்கு வந்து நிற்பதைக் காணலாம். அவை லயத்து நாய்கள். கூடையை மாட்டிக்கொண்டு பெண்கள் மலையேறினால் அவையும் உடன் ஏறும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவர்கள் அமர்ந்தால் அவையும் அமரும். அந்தியில் பிள்ளைகளோடு பிள்ளைகளாய்ப் பீலிக்கரை வரையில் ஓடித் திரும்பும். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் தேயிலைக்குள்ளிருந்து சிறுத்தை இறங்கும் இரவுகளில், முதலில் குரல் கொடுப்பவை இந்த நாய்களே. பல வேளைகளில் முதலில் உயிர் கொடுப்பவையும் இவையே.

இத்தகைய நாய் ஒன்றைச் சுட்டி, "இது யாருடைய நாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம லயத்து நாய்தானுங்க" என்பார்கள். அன்பு நிறைந்த விடைதான். எல்லார்க்கும் உரிய நாய்க்கு எல்லாரும் ஒரு பிடி சோறு இடுவர். ஆனால் அதற்கு ஊசி போடுவித்தது யார் என்று அடுத்த வினாவைக் கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். இன்றைய பேச்சின் பொருள், இந்த இரண்டு வினாக்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடமே.

மலைநாட்டில் நாய்க்கு மதிப்பில்லாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டை நாய்க் கூட்டமொன்றை வளர்த்து மரை வேட்டையாடியதும், அதனை நூலாக எழுதிப் புகழ்பெற்றதும் யாவரும் அறிந்த செய்தி. பின்னர்த் தோட்டங்கள் எழுந்தபோது, துரையின் பங்களாவில் சாதி நாயும் லயத்து வாசலில் நாட்டு நாயுமாக இருவகை வாழ்வு உண்டாயிற்று. பங்களா நாய்க்குப் பேரும் உண்டு, பட்டையும் உண்டு, நோய் வந்தால் வைத்தியரும் உண்டு. லயத்து நாய்க்கு அன்பு மட்டும் உண்டு. ஆயின், நோய்க்கிருமி பங்களாவென்றும் லயமென்றும் பார்த்து நுழைவதில்லை.

நாயையும் பூனையையும் வளர்ப்போர் வழக்கமாகக் கேட்கும் ஐயங்கள் பல. அவற்றுள் உயிரோடு தொடர்புடைய ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.

"வெறிநாய்க்கடி நோய் வெயிற்காலத்து நோயன்றோ? குளிர் மிகுந்த நம் மலைக்கு அது வருமா?" என்று கேட்போர் உளர். நீர்வெறுப்பு நோய் என்று அரசாங்க அறிவித்தல்களிற் காணப்படும் இந்நோய், வெயிலினால் உண்டாவதன்று. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலுள்ள கிருமி, கடித்த காயத்தின் வழியாகவோ கீறலின் வழியாகவோ உடலிற் புகுந்து, நரம்பு வழியே மூளைக்கு ஏறுவதால் உண்டாவது. அதற்கு மலையும் ஒன்றே, மணல்வெளியும் ஒன்றே. இதற்குச் சான்று வேண்டுவோர் நீலகிரியை நோக்கலாம். அதுவும் நம்மைப்போலத் தேயிலை விளையும் மலை. 1902ஆம் ஆண்டில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கில இளம்பெண் இந்நோயால் மாண்டார். அக்காலத்தில் இதற்கான ஊசி பெற வேண்டின், தென்னாட்டவர் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. அந்த மரணம் எழுப்பிய கவலையின் பயனாக, 1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஓர் உயிர் போன பின்னர் மருந்து மலைக்கு வந்தது. இன்று நம் நிலை அதுவன்று. மருந்து அண்மையில் இருக்கிறது. நாம்தாம் அதனை நாடிச் செல்லத் தயங்குகிறோம்.

இலங்கையில் இந்நோயை அடக்குவதற்கென 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901ஆம் ஆண்டில் வந்தது. எனினும் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோய்க்கு இரையாயினர். அதன்பின் நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடும் முயற்சி நாடெங்கும் விரிந்தது. இறப்புத் தொகை படிப்படியாகக் குறைந்து, அண்மைய ஆண்டுகளில் ஐம்பதுக்குக் கீழே வந்துள்ளது. மனிதருக்கு வைத்தியம் செய்ததனால் மட்டும் விளைந்த பயனன்று இது. நாய்க்கு ஊசி போட்டதனால் விளைந்த பயன். ஓரிடத்திலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால், அங்கே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

"எங்கள் நாய் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, அதற்கும் ஊசி எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். வெளியே போகாத நாயிடத்து வெளிநாய் வருவதில்லையா? தேயிலைக்குள் நரியும் கீரியும் திரிவதில்லையா? குட்டிக்கு ஆறு வாரமானதும் முதல் ஊசி. பின்னர் வைத்தியர் குறிக்கும் நாளில் அடுத்த ஊசி. அதன்பின் ஆண்டுக்கொரு முறை. இதுவே முறை. பூனைக்கும் இது பொருந்தும். பூனையின் கடியாலும் கீறலாலும் இந்நோய் தொற்றக்கூடும் என்பதைப் பலர் அறியார். "ஊசி போட்டால் நாய் சோம்பிவிடும், காவல் காக்காது" என்பதும் வீண் அச்சமே. ஊசி போட்ட அன்று சிறிது அயர்ந்து படுக்கலாம். மறுநாள் பழையபடி குரைக்கும்.

"வெறி பிடித்த நாயைக் கண்டுகொள்வது எப்படி?" என்பது அடுத்த வினா. வாயில் நுரை தள்ள, எதிர்ப்பட்டவரையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாயையே பலரும் மனத்திற் கொண்டுள்ளனர். அது ஒரு வகை. மற்றொரு வகை அதனினும் அபாயமானது. நாய் இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், குரல் கம்மும், தாடை தொங்கும், விழுங்க மாட்டாது எச்சில் வடிக்கும். பார்ப்பவர், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று இரங்கி, வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவர். இரக்கமே எமனாகும் இடம் அது. விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும் நாயின் வாயில் ஒருபோதும் கை வைத்தல் ஆகாது. அதனைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவிக்க வேண்டும்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டுவது யாது? மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் காப்பித் தூளும் காயத்தில் அப்புவது கூடாது. மந்திரிப்பவரைத் தேடி மலை கடந்து நடப்பதும் கூடாது. பீலியடிக்குச் செல்லுங்கள். ஓடும் நீரில், சவர்க்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். கழுவுவது சிறு செயலெனத் தோன்றும்; ஆயினும் கிருமியின் பெரும்பகுதியை உடலிற் புகுமுன்னரே அகற்றும் செயல் அது. பின்னர் அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் சில பாட்டிமாரின் வாயில் வாழ்கிறது. அந்தப் பழைய மருந்து மறைந்துவிட்டது. இன்றைய ஊசி கையிற் போடப்படுவது. சில தவணைகளோடு முடிவது. காயம் கடுமையாயின், காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவர்.

கடித்த நாயை அடித்துக் கொல்வது நம்மவர் வழக்கம். அது தவறு. அதனைக் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனிக்க வேண்டும். அந்நாட்களில் அது நலமாக இருப்பின், கடித்த வேளையில் அதனிடம் நோய் இருந்ததில்லை என்று துணியலாம். ஆனால், நாயைக் கவனித்த பிறகு வைத்தியசாலைக்குப் போவோம் என்று இருந்துவிடலாகாது. வைத்தியர் கண்ட பின்னரே, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பது முடிவாகும். பிள்ளைகள் திறத்தில் இது மிகவும் முக்கியம். சிறுவன் ஒருவன் குட்டிநாயோடு விளையாடிக் கடிபட்டால், அடி விழுமென்று அஞ்சி மறைத்துவிடுகிறான். காயம் ஆறிவிடுகிறது. கிருமியோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீரைக் கண்டு அவன் மிரளும் நாளில், அவனைக் காக்கும் மருந்து உலகில் எந்த வைத்தியசாலையிலும் இல்லை. ஆதலின், கடிபட்டேன் என்று சொல்லும் பிள்ளையைத் திட்டாதிருப்பதும் ஒரு தடுப்பு மருந்தே.

இனி மற்ற ஐயங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

"ஊசி போட்ட குட்டி ஏன் செத்தது?" என்று மனம் நொந்து கேட்பவர் பலர். இரத்தக் கழிச்சலும் வாந்தியுமாகக் குட்டிகளை இரண்டொரு நாளில் வீழ்த்துவது பார்வோ என்னும் வேறொரு நோய். 1978ஆம் ஆண்டிலேதான் உலகம் இதனைக் கண்டது. வெறிநோய்க்குப் போடும் ஊசி இதனைத் தடுக்காது. இதற்குத் தனி ஊசி உண்டு. அக்கிருமி மண்ணிலும் பல மாதம் உயிரோடிருக்கும். ஒரு குட்டி இறந்த இடத்தில் உடனே மற்றொன்றைக் கொண்டுவந்து கட்டுவது, அதனையும் பலி கொடுப்பதாகும்.

குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். நாயின் குடற்புழு முட்டைகள் மண்ணிற் கலந்து, அம்மண்ணில் விளையாடும் பிள்ளையின் வாய்க்குள்ளும் போகும். அரிதாகக் கண் பார்வையைக் கெடுப்பதும் உண்டு. சொறி பிடித்த நாய்க்கு லொறியின் கழிவெண்ணெயைப் பூசுவோர் இருக்கின்றனர். சொறியை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத உண்ணி. எண்ணெயோ நாய் நக்கும்போது வயிற்றுக்குள் நஞ்சாகிறது. தக்க மருந்து வைத்தியரிடம் உண்டு.

பூனை வளர்ப்போர் மறவாது நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பனடோல் பூனைக்கு ஆலகாலம். அதன் உடலுக்கு அம்மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் இல்லை. ஒரே குளிசை அதன் உயிரைக் குடித்துவிடும். ஆண்பூனை சிறுநீர் கழிக்க முயன்று முயன்று இயலாமல் கத்தினால், நாளைக்குப் பார்ப்போம் என்று விடலாகாது. அடைப்பு நீங்காவிடின் இரண்டொரு நாளில் அது இறந்துபடும்.

"கருத்தடை செய்வது பாவமன்றோ?" என்பது இறுதி ஐயம். பெட்டைக் குட்டி வேண்டாமென்று, கண் திறவாத குட்டிகளைச் சாக்கிற் கட்டித் தேயிலைக்குள் எறிவதும், பஸ் நிலையத்தில் விட்டு வருவதும் புண்ணியமா? எறியப்பட்டவற்றுள் பிழைத்தவை யாருக்கும் உரியனவல்லாத, ஊசியும் காணாத கூட்டமாகப் பெருகுகின்றன. நாயைக் கொன்று நோயை ஒழிக்கும் பழைய வழியை நாடு 2006ஆம் ஆண்டிலே கைவிட்டது. அந்த வழியை விட்டோமாயின், கருத்தடையும் ஊசியுமாகிய இவ்வழியில் முழுமையாக நடத்தல் வேண்டும்.

இவையெல்லாம் தோட்டத்து மக்கள் அறியாதவை என்று எண்ணிவிடுதல் நீதியன்று. பலர் அறிவர். அறிந்தும் இயலாமைக்குக் காரணம் ஒன்றுண்டு. ஊசி இலவசம், ஆனால் நாள் இலவசமன்று. ஊசி போடுவோர் முற்பகலில் தோட்டத்துக்கு வரும்போது, பெண்கள் மலையிற் கொழுந்து பறிக்கின்றனர்; பிள்ளைகள் பாடசாலையில் இருக்கின்றனர். லயத்தில் நாய் இருக்கிறது. அதனைப் பிடித்துக் கொடுக்கும் கை இல்லை. அந்நியர் கைக்கு அது அகப்படாது ஓடிவிடும். நாயின் பொருட்டு நின்றால் அன்றைய பேர் போகும். அரைப்பேரும் பெரிதாக இருக்கும் வீட்டில் அது சிறு இழப்பன்று.

இதற்கு வழியில்லாமலில்லை. ஞாயிற்றுக்கிழமையிலோ மாலையிலோ தோட்டத்துக்கு வருமாறு, சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குத் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத்தாரும் எழுதிக் கேட்கலாம். லயத்துக்கு லயம், எத்தனை நாய், எத்தனை பூனை, எதற்கு எப்போது ஊசி என்று உயர்வகுப்பு மாணவர் ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். நாய்க்கு ஒரு பேர், அதற்குப் பொறுப்பாக ஒரு வீட்டின் பேர். சோற்றை எல்லாரும் இடட்டும். ஊசி நாளில் அதனைப் பிடித்து நிற்பவர் இன்னார் என்பது மட்டும் முன்னரே தீர்மானமாகட்டும்.

வயிரவரின் வாகனமென்று நாயை வணங்குகிறோம். தருமன் வானுலகம் சென்ற வழியில், கடைசி வரை உடன் நடந்தது நாய் என்று கதை சொல்கிறோம். இரவெல்லாம் நம் பிள்ளைகள் உறங்கத் தான் விழித்திருக்கும் அந்த உயிருக்கு, ஆண்டில் ஒருநாள் ஒரு நாழிகை நாம் விழித்திருத்தல் தகும். அவ்வாறு செய்த தோட்டத்தில், "இது யாருடைய நாய்?" என்று யாரேனும் கேட்பின், "என்னுடையது" என்று கூற ஒருவர் இருப்பார். அந்த ஒரு சொல், ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும்.