எவர்சில்வர் போல்ட்டும் தோட்டத்து ஜீப்பும்

(தோட்ட மண்டபத்தில் சாரதிகளும் இளைஞர்களும் தாய்மாரும் கூடிய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நலன்புரி ஐயா வந்தால் மலசலகூடம், பிள்ளைக் காம்பரா, தடுப்பூசி என்றுதானே பேசுவார், இன்றைக்கு என்ன போல்ட்டு நட்டு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நோயாளியைக் கொண்டுபோகும் வண்டி வழியில் நின்றுவிட்டால், அதைவிடப் பெரிய நலன்புரிப் பிரச்சினை வேறு என்ன இருக்கிறது? என் அனுபவத்திலேயே தொடங்குகிறேன். இதில் என் பிழையும் இருக்கிறது.

பத்து வருசத்துக்கு முன்னால் நான் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தேன். அங்கே ஒரு பழைய லான்ட் ரோவர் ஜீப் இருந்தது. மேல் டிவிசனில் யாருக்காவது முடியாமல் போனால் அந்த ஜீப்தான். 1990 அம்புலன்ஸ் அப்போது நம்ம பக்கம் ஓடவில்லை. மழையிலும் பனியிலும் கிடந்து எஞ்சின் போல்ட் எல்லாம் துருப்பிடித்து, ஒன்றைக் கழற்றப்போனால் தலை முறிந்து கையோடு வரும். டவுனில் ஒரு கடைக்காரர், “எல்லாத்தையும் எவர்சில்வர் போல்ட்டா மாத்திடுங்க சேர், ஆயுசுக்கும் துரு வராது” என்றார். நானும் சந்தோசமாக எஸ்டிமேட் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு கராஜில் அத்தனையும் மாற்றிக் கொடுத்தார்கள். பொனட்டைத் திறந்தால் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரிப் பளபளத்தது.

மூன்றாம் மாதம், இரவு பதினொரு மணிக்குப் பிரசவ வலியோடு ஒரு தங்கச்சியை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் டக் என்று ஒரு சத்தம். ஒல்டர்நேட்டரைப் பிடித்திருந்த போல்ட் இரண்டாக முறிந்துவிட்டது. பெல்ட் கழன்றது. அந்த எஞ்சினில் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். ரேடியேட்டர் கொதித்தது. வண்டி நின்றது. மூடுபனி. அந்தத் தாயின் மாமியார் என் முகத்தைப் பார்த்து, “ஐயா, என்னா செய்யப் போறோம்?” என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

காப்பாற்றியது எது தெரியுமா? சாரதி அண்ணன் கழற்றிய பழைய போல்ட்டுகளை வீசாமல் ஒரு பால்மா டின்னில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். டோர்ச் வெளிச்சத்தில் தேடி, அதே துருப்பிடித்த போல்ட்டை எடுத்துப் போட்டு, பெல்ட்டை மாட்டினார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஓடைத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். ஒரு மணி பத்து நிமிசம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் இருபது நிமிசத்தில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பிள்ளை இப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். வழியிலேயே பிறந்திருந்தால்? அதை நினைத்துத்தான் இந்த விசயத்தைக் கேட்டுப் படித்துக்கொண்டேன்.

முதலில் வண்டியைப் பற்றி. லான்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஒல்லாந்தின் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. உலக யுத்தம் முடிந்த காலம். இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையிலும், அடிச்சட்டத்தை இரும்பிலும் செய்தார்கள். அந்தப் பழைய உருவத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரியில் வெளிவந்தது. மலைநாடு எங்கும் இந்த வண்டிக்கு மதிப்பு உண்டு. டார்ஜிலிங் பக்கம் 3636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூ மலைக்கும், மலேசியாவில் நம்ம தமிழர்களும் உழைத்த கேமரன் மலைத் தேயிலைப் பகுதியிலும் பழைய லான்ட் ரோவர்களே காலங்காலமாக ஏறின. நம்ம நாட்டிலும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். ஐந்து வருசம் பழைய வண்டியைப் பழுதுபார்த்தே ஓட்டினோம். ஆகவே போல்ட் மாற்றுவது நமக்குப் புதிசு இல்லை. சரியாக மாற்றுகிறோமா என்பதுதான் கேள்வி.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல இரும்பு தேடும்போது, குரோமியம் சுமார் 13 வீதம் சேர்த்த உருக்குத் துருப்பிடிக்காததைக் கண்டார். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் அந்தத் தோல் திரும்ப வளரும்.

ஆனால் துருப்பிடிக்காதது வேறு, பலம் வேறு. தாய்மார்களே, உங்கள் வீட்டு எவர்சில்வர் குடம் துருப்பிடிக்காது. அதற்காக எவர்சில்வரில் அலவாங்கு செய்து கேட்போமா? கவ்வாத்துக் கத்தி துருப்பிடிக்கிறது. ஆனாலும் அதைத்தானே தீட்டித் தீட்டி வைத்துக்கொள்கிறோம்? வேலைக்குத் தகுந்த இரும்பு வேண்டும்.

போல்ட்டை இறுக்கும்போது அது ஒரு மயிரிழை நீளும். ரப்பர் பட்டி மாதிரித் திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கம்தான் பிடி. அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் நீண்டது நீண்டதுதான், பிடி போய்விடும். பிறகு அதிர்ச்சியில் ஆடி ஆடி ஒருநாள் முறியும். தலையில் 8.8 என்று அடித்த இரும்பு போல்ட், சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 64 கிலோ வரை தாங்கித் திரும்பச் சுருங்கும். ஏ2-70 என்று அடித்த எவர்சில்வர் போல்ட் சுமார் 45 கிலோ வரைதான். தலையில் ஒன்றுமே அடிக்காத பளபள போல்ட்டின் பலம் யாருக்கும் தெரியாது. எங்கள் ஜீப்பில் முறிந்தது அந்த மாதிரி ஒன்றுதான். இன்னொன்று, சூட்டில் எவர்சில்வர் சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். எஞ்சின் சூடானதும் பிடி தளரும்.

அப்படியென்றால் எங்கே போடலாம்? டெப்பட் கவர், தேர்மோஸ்டாட் மூடி, எயார் கிளீனர், ரேடியேட்டர் ஹோஸ் கிளிப், மட்கார்ட், நம்பர் பலகை. இவை பாரம் தாங்காத இடங்கள். அடிக்கடி கழற்ற வேண்டியவையும்கூட. இங்கே எவர்சில்வர் நல்ல உதவி.

எங்கே போடவே கூடாது? சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ரொட், மெயின் பேரிங், ஃப்ளைவீல், எஞ்சின் மவுண்டிங், ஒல்டர்நேட்டர், புரொப்பலர் ஷாஃப்ட், ஸ்டியரிங், பிரேக், வில்லுத் தகட்டு யூ போல்ட், சில்லு நட். இவற்றுக்கு வண்டிப் புத்தகத்தில் சொன்ன தரம்தான். சைலன்சர் பக்கத்து ஸ்டட்டுக்குப் பித்தளை நட் போடுங்கள்; சூட்டில் ஒட்டாமல் லேசாகக் கழலும்.

இனி தம்பிமார் கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று: முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பிடிவாதமாக இழுத்தால் உள்ளே முறியும்.

இரண்டு: ஒரு போல்ட்டைக் கழற்றி, அதற்கு மாற்றைப் போட்டபிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

மூன்று: மரையைப் பாருங்கள். பழைய லான்ட் ரோவரில் அங்குல மரை, புதிய வண்டிகளில் மில்லிமீற்றர் மரை. 5/16 அங்குலமும் எம்8-உம் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும்.

நான்கு: நீளத்தையும் அளந்து போடுங்கள். நீளம் கூடினால் குழியின் அடியில் முட்டி நிற்கும். இறுகியது மாதிரித் தெரியும், பிடித்திருக்காது. அலுமினிய வார்ப்பு வெடிக்கவும் கூடும்.

ஐந்து: எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை வேகமாகத் திருகினால், இரண்டும் சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு வாளால் அறுக்கத்தான் வேண்டும். செப்புக் கிரீஸ் பூசி, கையாலே மெதுவாகத் திருகுங்கள். கிரீஸ் பூசிய மரை லேசாக ஓடும். ஆகவே இறுக்குவதையும் கொஞ்சம் குறையுங்கள்.

ஆறு: அலுமினியத்துக்குள் எவர்சில்வர் போட்டால், ஈரத்தில் அலுமினியம்தான் அரிக்கப்படும். ஆகவே அங்கே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட் தலைக்கு அடியில் வொஷர் போட மறக்கவேண்டாம்.

ஏழு: ஒருநாள் ஓடியபின் எஞ்சின் ஆறியதும் எல்லாவற்றையும் மறுபடி சரிபாருங்கள்.

உரம் ஏற்றும் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. மியூரேட் ஒப் பொட்டாஷ் உரம் நம்ம சாப்பாட்டு உப்புக்குச் சொந்தக்காரன். எவர்சில்வரையும் அது குழி குழியாக அரிக்கும். உரம் இறக்கிய அன்றே வண்டியை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தாய்மாரே, வண்டி பழுதுபார்க்கத் தோட்டத்தில் எஸ்டிமேட் எழுதினால், “எந்த இடத்துக்கு என்ன போல்ட்?” என்று நீங்களும் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு என்னிடம் ஒருவர் கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். தம்பிமாரே, கராஜில் கண்ணால் பார்த்துப் பழகியது போதாது, என்.வி.கியூ. சான்றிதழும் எடுங்கள். வேலையும் கிடைக்கும், உங்கள் பேச்சுக்கு மதிப்பும் கிடைக்கும்.

ஆயுத பூசைக்கு வண்டிக்குச் சந்தனம் வைக்கும்போது, பொனட்டைத் திறந்து போல்ட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். பால்மா டின்னை மட்டும் வீசிவிடாதீர்கள்.