சிறு காருக்கு உகந்த சக்கரம்



தொழில் நிமித்தம் தமிழகத்தினின்று கொச்சிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் இன்று சிறு கார் அரிய பொருளன்று. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னர், நடுத்தர வருவாயினருக்கும் கார் எட்டும் பொருளாயிற்று. மட்டாஞ்சேரியின் ஒடுங்கிய கடைவீதிகளில் சரக்கு வண்டிகளுக்கிடையே புகுந்து வெளிவரச் சிறு காரே வசதி. அதன் சக்கரம் பழுதுற்றால் எதனை வாங்குவது என்பதே இன்றையப் பேச்சின் பொருள்.

கடையில் தொங்கும் அலாய் சக்கரத்தின் பளபளப்பு கண்ணைக் கவரும். எனினும் முதலில் நோக்க வேண்டியது அளவையே. காருடன் தந்த கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 145/80 ஆர் 12 என்பதை எடுத்துக்கொள்வோம். டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 80 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 12 அங்குலம். கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 537 மில்லிமீட்டர்.

இதற்குப் பதிலாக 155/80 ஆர் 13 பூட்டினால் விட்டம் 578 மில்லிமீட்டராகும். வேகமானி 60 கிலோமீட்டர் காட்டும்போது கார் உண்மையில் 65 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கியிருக்கும். திருப்பங்களில் டயர் மட்கார்டில் உராயவும் கூடும். 155/65 ஆர் 13 ஆயின் விட்டம் 532; வேறுபாடு நூற்றுக்கு ஒன்றே. ஆயினும் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. அளவை அடுத்துப் பொறித்த எண் சுமை தாங்கும் ஆற்றலைக் குறிக்கும். 74 என்பது ஒரு டயருக்கு 375 கிலோ; 73 என்பது 365 கிலோ. தயாரிப்பாளர் விதித்த எண்ணுக்குக் குறைந்ததை ஏற்கலாகாது.

ரிம்மிலும் மூன்று பொருத்தங்கள் வேண்டும்: போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளையின் அளவு, சக்கரம் உள்வாங்கியோ வெளித்தள்ளியோ நிற்கும் தூரம். சக்கரம் மிக வெளியே தள்ளி நின்றால் பேரிங்கின் மீது பாரம் மிகும்.

எஃகா, அலாயா என்னும் ஐயம் பலருக்கும் உண்டு. கடற்காற்றில் எஃகு ரிம் துருப்பிடிக்கும். ஆனால் குழியில் விழுந்து சற்றே நெளிந்தால் பல வேளைகளில் நிமிர்த்தி விடலாம். அலாய் துரு ஏறாது. பலத்த அடியில் விரிசல் காணக்கூடும். மழைநீர் தேங்கிக் குழிகள் மறையும் தெருக்களில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு எஃகே சிக்கனமானது. அலாய் வாங்குவோர் அதற்குரிய நட்டுகளையும் கேட்டு வாங்குக. எதுவாயினும், பூட்டி நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்த்தல் நலம்.

டயரின் வயதையும் காண வேண்டும். பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் உணர்த்தும். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ மனைவி மக்களுடன் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு வாளையாறு வழியே ஊருக்குப் புறப்படுகிறோம். அந்நெடுவழியில் குடும்பம் முழுவதையும் தாங்குபவை உள்ளங்கையளவே தரையைத் தொடும் நான்கு டயர்கள். அழகுக்கெனச் செலவிடும் பணத்தைப் பொருத்தமான சக்கரத்திற்குச் செலவிடுவோமாக.